கொன்றையும் ஆவிரையும்: ஒரு பேரினம் மூன்றான வரலாறு

சங்கச் செய்யுட்களுக்குக் குறிப்புரை வரைவோரும் சொல்லடைவு தொகுப்போரும் மரம் செடி கொடிகளின் பெயர் வருமிடத்து அவற்றிற்குரிய நிலைத்திணை நூற்பெயரை உடன் குறித்தல் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் நன்றே. ஓரூரில் ஒரு செடிக்கு வழங்கும் பெயர் மற்றோரூரில் வேறொன்றற்கு வழங்குதலின், மயக்கம் நீக்குதற்கு உலகெங்கும் ஒன்றாக வழங்கும் பெயரொன்று வேண்டப்படுவதே. ஆயின் அப்பெயரை ஒருமுறை எழுதிவிட்டால் அது என்றும் மாறாது என்னும் எண்ணத்துடன் எடுத்தாளுவோமாயின் இடர்ப்படுவோம். கொன்றை, ஆவிரை, தகரை என்னும் மூன்றும் இதற்குத் தக்க சான்றாம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இம்மூன்றனையும் காசியா என்னும் ஒரு பேரினத்தில் அடக்கியது. 1967இல் பி. எல். சாமி எழுதிய சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கமும் அப்பழம் பெயர்களையே ஆண்டது. அந்நூல்கள் எழுந்த காலத்தில் அதுவே அறிஞர் பலரும் ஒப்பிய முடிபாதலின் அதில் குறைகூறற்கு ஒன்றுமில்லை. 1982இல் அம்முடிபு மாறிற்று. இன்று கொன்றை மட்டுமே காசியா. ஆவிரையும் தகரையும் சென்னா என்னும் வேறு பேரினத்தைச் சார்ந்தன.

பெயர்மாற்றம் அளவில் இது நின்றிருப்பின் அகராதியில் ஒரு திருத்தத்தோடு அமைந்துவிடலாம். பழம்பெயரை அடிப்படையாகக் கொண்டு, ஆவிரை கொன்றையின் ஒருவகை என்றும், சிறுகொன்றை எனத் தகும் என்றும் குறிப்பு வரைவது இன்றும் உளது. தமிழ்ச் செய்யுளில் எவ்வகைத் தொடர்பும் இன்றி வேறு வேறு நிலத்தில் வேறு வேறு பயனுக்கு நிற்கும் இரு மலர்களை இலத்தீன் பெயர் ஒன்றனை மட்டும் துணைகொண்டு ஒன்றாக்குவது பாட்டின் பொருளையே மாற்றிவிடும். ஆதலின் அப்பேரினம் எவ்வாறு ஒன்றாயிற்று, எவ்வாறு மூன்றாயிற்று, எவ்வுறுப்புக்களைக் கொண்டு பகுத்தனர், தமிழ்ப்பெயர்கள் அப்பகுப்போடு எத்துணைப் பொருந்துவன என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் காசியா என்னும் பெயரையே நோக்குவோம். அது கொன்றைக்கு உரிய பெயராகப் பிறந்ததன்று. பண்டைக் கிரேக்கரும் உரோமரும் காசியா என வழங்கியது இலவங்கப்பட்டையை ஒத்த ஒருவகை நறுமணப் பட்டையை. அச்சொல் அவர்க்கு எபிரேயம் முதலிய கீழைச் செமித்திய மொழிகளின் வழியே சென்றது. சுருண்டு குழல்போல் உலர்ந்த அப்பட்டையைக் குழற்காசியா என்னும் பொருள்படக் காசியா பிஸ்டுலா என்றனர். பிஸ்டுலா என்பது இலத்தீனில் குழல். இடைக்கால மருத்துவ நூல்களில் அத்தொடர் பட்டையை விட்டு நீங்கி, மலமிளக்கியாகப் பயன்படும் கொன்றைக்காயைக் குறிக்கலாயிற்று. குழல்வடிவு என்னும் ஒப்புமை ஒன்றே பெயரைப் பட்டையினின்று காய்க்குக் கொணர்ந்தது. பழைய மேனாட்டு வணிகக் குறிப்புக்களில் காசியா என வருமிடமெல்லாம் கொன்றை எனக் கொள்ளலாகாது என்பது இதனால் போதரும். சென்னா என்னும் பெயரோ சனா என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அது பேதி மருந்தாகும் ஓர் இலைக்குப் பெயர். இரு பெயரும் மருந்துக் கடையினின்று நிலைத்திணை நூலுட் புகுந்தனவே.

மலையாளக் கரையில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுப்பித்து ஆம்சுடர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் என்னும் பெருநூலில், கொன்றை என்பது கொன்ன என்னும் நாட்டுப் பெயராலேயே படத்துடன் விளக்கப்பட்டது. தகரை வேறோரிடத்தில் தகர என்றும், அதனோடு ஒத்த மற்றொரு செடி பொன்னாந்தகர என்றும் குறிக்கப்பட்டன. அந்நூலுக்குச் செய்தி தந்த நாட்டு மருத்துவர் இவற்றை ஓரினமாகக் கருதினர் என்பதற்குக் குறிப்பொன்றும் பெயரளவில் இல்லை. பிரான்சு நாட்டுத் தூர்ன்போர் 1700இல் வெளியிட்ட தம் நூலிலும் காசியாவும் சென்னாவும் வெவ்வேறு பேரினங்களாகவே நின்றன. உள்ளே குறுக்குத் தடுப்புக்களும் பசையும் உடைய உருண்டு நீண்ட காய் காசியாவிற்கும், தட்டையான காய் சென்னாவிற்கும் அடையாளமாயின.

இவ்விரண்டனையும் ஒன்றாக்கியவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். 1753இல் வெளிவந்த அவர்தம் நூலே நிலைத்திணைப் பெயரிடுமுறைக்குத் தொடக்கமாக இன்றும் கொள்ளப்படுவது. அவர் மலரிலுள்ள மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு வகுப்புக்களையும், சூலகத் தண்டின் எண்ணிக்கையைக் கொண்டு உட்பிரிவுகளையும் வகுத்தார். கொன்றைக்கும் ஆவிரைக்கும் தகரைக்கும் தாள்கள் பத்து, சூல்தண்டு ஒன்று. ஆகவே மூன்றும் ஒரு வகுப்பில் வீழ்ந்தன. அவ்வகுப்பினுள்ளும் ஒரு பேரினமாயின. ஓர் அடையாளத்தைக் கொண்டு உலகத்துச் செடிகளையெல்லாம் பகுப்பதில் எளிமை உண்டு. தொல்காப்பிய மரபியலும் புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் ஓர் அடையாளத்தாலேயே பகுத்தது; கற்பார் நினைவிற் கொள்ளுதற்கு அதனினும் எளியது பிறிதில்லை. ஆனால் அத்தகைய பகுப்பு, கண்டறிதற்கு உதவுமேயன்றி உறவறிதற்கு உதவுவதன்று. லின்னேயஸ் தம் முறை செயற்கையானது என்பதைத் தாமே உணர்ந்திருந்தார்.

அவர் இந்நாட்டிற்கு வந்தவரல்லர். இலங்கையில் பால் எர்மன் தொகுத்த உலர்செடித் தொகுதியை ஆராய்ந்து 1747இல் இலங்கை நிலைத்திணை பற்றி ஒரு நூல் எழுதினார். தகரைக்கு அவர் வைத்த தோரா என்னும் இனப்பெயர் சிங்கள வழக்கினின்று சென்றதாகும். ஆவிரைக்கு அவர் இட்ட ஆரிக்குலாட்டா என்னும் பெயர் செவியுடையது எனப் பொருள்படும். ஆவிரையின் இலைக்காம்படியில் இருபுறமும் செவிமடல் போல் அகன்று வளைந்து நிற்கும் இலையடிச் செதில்களைக் கண்டு வைத்த பெயர் அது. வேலியோரத்து ஆவிரையை ஒருமுறை அணுகி நோக்கியவர் அப்பெயரின் பொருத்தத்தை மறுக்கமாட்டார்.

லின்னேயஸ் கருத்தை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆங்கில நாட்டுத் தோட்டக்கலை அறிஞர் மில்லர் அடுத்த ஆண்டிலேயே, அஃதாவது 1754இல், சென்னாவைத் தனிப் பேரினமாக மீட்டார். 1794இல் மோன்சு என்பார் காமெக்கிரிஸ்டா என்னும் மூன்றாவதனையும் தனிப்படுத்தினார். நம் நாட்டோடு தொடர்புடையவராகக் குறிக்கத் தக்கவர் ராக்ஸ்பரோ. அவர் சோழமண்டலக் கரையில் கும்பினியாரின் மருத்துவராயிருந்து, 1793 முதல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்றவர். உலர்ந்த கிளைகளையன்றி உயிருள்ள செடிகளை அவை வளரும் நிலத்திலேயே கண்டவர். அவர் மறைவிற்குப் பின் 1832இல் முழுமையாக வெளிவந்த அவர்தம் இந்திய நிலைத்திணை நூலில் ஆவிரையும் தகரையும் சென்னா என்னும் பெயரின்கீழ் வைக்கப்பட்டன. இன்று செல்லுபடியாகும் சென்னா ஆரிக்குலாட்டா, சென்னா தோரா என்னும் பெயர்களின் பின் லின்னேயஸ் பெயரை அடைப்புக்குள்ளும் ராக்ஸ்பரோ பெயரை வெளியிலும் எழுதுவது இதனாலேயே ஆம்: இனத்தை முதற்கண் விளக்கியவர் முன்னவர், இப்பேரினத்திற்கு மாற்றியவர் பின்னவர் என்பது அக்குறியீட்டின் பொருள். புதுப்பெயர் என்று நாம் இன்று கூறுவது உண்மையில் ஏறக்குறைய இரு நூற்றாண்டுப் பழமையுடையது.

அங்ஙனமாயின் அப்பெயர் இடையில் மறைந்தது எவ்வாறு? 1871இல் பெந்தம் என்னும் பேரறிஞர் காசியா முழுவதனையும் மீள ஆராய்ந்து, முந்நூற்றுக்கு மேற்பட்ட இனங்களை ஒரே பேரினமாகத் தொகுத்தார். மூவகை வேறுபாட்டை அவர் அறியாதவரல்லர். பிஸ்டுலா, சென்னா, இலாசியோரெக்மா என மூன்று உட்பேரினங்களாக அவற்றை வகுத்தே வைத்தார். பிரிவு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அப்பிரிவிற்கு எப்படிநிலை தருவது என்பதிலேயே வேறுபாடு. ஆயினும் பெயர் என்பது படிநிலையைப் பொறுத்ததாகலின், உட்பேரினத்தின் பெயர் மக்கள் கையாளும் இருசொற் பெயரில் இடம்பெறாது மறைந்தது. ஹூக்கர் பதிப்பித்த பிரித்தானிய இந்திய நிலைத்திணை நூலும், சென்னை மாகாணத்திற்குக் காம்பிள் 1915இல் எழுதத் தொடங்கிய நூலும் பெந்தம் வழியையே பின்பற்றின. தமிழ்ப் பேரகராதி தொகுத்தோர் கைக்கெட்டியவை இத்தகைய நூல்களே. ஆகவே ஆவிரை காசியாவானது தமிழ்நாட்டில் எழுந்த கருத்தன்று. இலண்டனில் ஓர் அறிஞர் படிநிலை பற்றிக் கொண்ட ஒரு முடிபின் நெடுநிழல் என்க.

1982இல் நியூயார்க்குத் தாவரத் தோட்டத்தைச் சார்ந்த இர்வின், பார்னபி என்னும் இருவர் அமெரிக்க இனங்களைப் பற்றி வெளியிட்ட பேராய்வு இந்நிலையை மாற்றிற்று. பெந்தம் கண்ட மூன்று உட்பேரினங்களையும் அவர்கள் முழுப் பேரினங்களாக உயர்த்தினர். அதற்கு அவர்கள் காட்டிய அடையாளங்கள் யாவும் ஊன்றி நோக்கத்தக்கன. நம் வீட்டருகே நிற்கும் மரத்திலும் செடியிலும் கைவில்லை ஒன்றன் துணையோடு எவரும் காணக்கூடியன.

கொன்றை மலரின் பத்து மகரந்தத் தாள்களும் ஒருதன்மையன அல்ல. கீழ்ப்புறத்து மூன்றும் மிக நீண்டு, முதலிற் கீழ்நோக்கித் தாழ்ந்து பின் மேல்நோக்கி வளைந்து, யானைத் துதிக்கை நிமிர்ந்தாற்போல் நிற்கும். அவற்றின் தாள், நுனியிலுள்ள மகரந்தப்பையினும் இருமடங்கிற்குக் குறையாத நீளமுடையது. நடுவில் உள்ள நான்கும் குறுகியன. மேற்புறத்து மூன்றும் மிகச் சிறியன. இவ்வளைந்த நெடுந்தாள் மூன்றுமே காசியாவின் தலையாய அடையாளம். இனி ஆவிரையை நோக்கின், அதற்கும் தாள் பத்தே, ஆனால் கீழ்ப்புறத்துத் தாள்கள் நேரியன, குட்டையானவை, மகரந்தப்பையே பெரிது. மேற்புறத்து மூன்றும் மகரந்தமின்றி மலடாய்ச் செதில்போல் ஒடுங்கிக் கிடக்கும். லின்னேயஸ் எண்ணிய உறுப்பும் இதுவே, இர்வினும் பார்னபியும் நோக்கிய உறுப்பும் இதுவே. எண்ணியவர்க்கு ஒன்றாய்த் தோன்றியது, வடிவை நோக்கியவர்க்கு இரண்டாய்த் தோன்றிற்று.

மலர்க்காம்பிலும் வேறுபாடு உண்டு. கொன்றையின் காம்படியில் இரு சிறு செதில்கள் இருக்கும். ஆவிரை முதலிய சென்னாக்களில் அவை இல்லை. காமெக்கிரிஸ்டாவில் அவை காம்பின் நடுவிலோ அதற்கு மேலோ ஏறி நிற்கும். இலையிலோ எனின், ஆவிரையின் ஒவ்வோர் இணைச் சிற்றிலைக்கும் இடையே எழுந்து நிற்கும் சிறு தேன்சுரப்பிகளைக் காணலாம். எறும்புகள் அவற்றை நாடி ஊர்வதும் உண்டு. கொன்றையிலையில் அத்தகைய சுரப்பி இல்லை. ஆயினும் சென்னாக்கள் அனைத்திற்கும் அது உண்டெனக் கொள்ளற்க. சாலையோரங்களில் வைக்கப்பெறும் சென்னா சயாமியாவிற்கு இல்லை. உள்ளதனைக் கொண்டு சென்னா எனலாம். இல்லாமை கொண்டு காசியா எனலாகாது.

இத்தாள் வேறுபாடு வீணே அமைந்ததன்று. இம்மலர்களில் தேன் இல்லை. வண்டு நாடிவருவது மகரந்தத்தையே. ஆவிரையின் மகரந்தப்பை நெடுகப் பிளவாது, உப்புக்குடுவை போல நுனித்துளை வழியே மட்டும் துகளை உகுக்கும். கருந்தும்பி முதலியன மலரைப் பற்றிக்கொண்டு, சிறகை அசையாது நிறுத்தி உடலை அதிர்வித்து ஓசையெழுப்ப, அவ்வதிர்வினால் துகள் வெளிப்படும். ஒருபகுதித் துகள் தும்பிக்கு உணவாக, நெடுந்தாள்களின் துகள் அதன் உடலிற் படிந்து மற்றொரு மலரின் சூல்முடியை அடையும். தும்பியின் இமிழிசையைச் சங்கப் புலவர் மலரோடு சேர்த்துப் பாடினமை யாவரும் அறிந்ததே. அவ்விசைக்கும் மகரந்தப்பையின் துளைக்கும் உள்ள இயைபை அவர்கள் அறிந்திருந்தனர் எனக் கூற நாம் துணியோம். அங்ஙனம் கூறுவார் சிலர் உளர். சான்று காட்டுவாரை யாம் கண்டிலேம்.

கனி பற்றிய வேறுபாடு தமிழ் நூல்வழியும் விளங்குகிறது. கொன்றைக்காய் ஒருமுழ நீளம்வரை உருண்டு வளர்ந்து, முற்றியபின் கருத்து, தானே வெடியாது மரத்திலேயே தொங்கும். உள்ளே ஒவ்வொரு விதைக்கும் ஒவ்வோர் அறை. அறைதோறும் இனிய கரும்பசை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக் குழல் கூறப்படுகின்றது. அதனைக் கொன்றைப் பழத்தைக் கடைந்து துளையிட்டுச் செய்தது என உரைமரபு கொள்ளும். தட்டையாய் மெலிந்த ஆவிரைக் காயைக் கொண்டு எவ்வாயனும் குழல் செய்ய இயலாது. வெடியாத, வன்தோடுடைய, உருண்ட காய் என்பது நிலைத்திணை நூலார்க்குப் பேரின அடையாளம். ஆயர்க்கோ அது கைக்குழல். கொன்றை என்பது காசியா பிஸ்டுலாவே எனத் துணிதற்கு நெடிய சொல்லாராய்ச்சியைக் காட்டிலும் இக்குழல் வலிய சான்று என்பது நம் கருத்து.

மூன்றாவதாகிய காமெக்கிரிஸ்டா பற்றிச் சிறிது கூறி அமைவோம். தரையிற் படியும் சூட்டு என்பது அப்பெயரின் பொருள். நம் நாட்டில் இப்பேரினத்தன பெரும்பாலும் புல்லிடையே வளரும் சிறு செடிகள். இவற்றின் காய் முற்றியதும் படீரென வெடித்து இரு தோடுகளும் புரிபோல் முறுக்கிக்கொள்ள விதைகள் சிதறும். இலைச்சுரப்பி தட்டையாகவோ கிண்ணம்போன்றோ இருக்கும். இவற்றின் வேரில் காற்றிலுள்ள நைட்டிரசனைப் பற்றும் நுண்ணுயிர் வாழும் முடிச்சுக்கள் உண்டாகின்றன. காசியாவிற்கும் சென்னாவிற்கும் அவை இல்லை. மண்ணுக்கு மேலே கண்ட வேறுபாடு மண்ணுக்குக் கீழும் இவ்வாறு உறுதிப்பட்டது. காசியா ஆப்சஸ் எனப்பட்டு இன்று காமெக்கிரிஸ்டா ஆப்சஸ் ஆகியதனைத் தமிழ் மருத்துவ வழக்கு காட்டுக்கொள் என்றது. கொன்றையோடும் சேர்க்காமல், ஆவிரையோடும் சேர்க்காமல், வயலில் விளையும் கொள்ளோடு சேர்த்துப் பெயரிட்டமை நோக்கத்தக்கது.

1982க்குப் பின் மரபணு ஆராய்ச்சி வளர்ந்து, இம்மூன்றும் தனித்தனிக் கால்வழியின என்பதை வலியுறுத்திற்று. இன்றைய கணக்கில் காசியாவில் ஏறக்குறைய 30 இனங்களே எஞ்சியுள்ளன. மற்றை இரண்டும் ஒவ்வொன்றும் முந்நூற்றை அணுகுவனவோ கடப்பனவோ ஆகும். இத்துணைச் சிறிய பகுதிக்குப் பழைய பெயர் நின்றது ஏன் என வினவலாம். பேரினம் ஒன்று பிளவுபடும்போது, அதன் மூலச்சான்றாகக் குறிக்கப்பட்ட இனம் எப்பகுதியில் உளதோ அப்பகுதிக்கே பழம்பெயர் உரியது என்பது பெயரிடு விதி. காசியாவின் மூலச்சான்று கொன்றை. எனவே சிலவே ஆயினும் கொன்றையும் அதன் சுற்றமும் அப்பெயரைக் காத்தன. ஆவிரைக் கூட்டம் பெரிதாயினும் இழந்தது. 2017இல் அவரைக் குடும்பம் முழுவதும் ஆறு உட்குடும்பங்களாக மீள வகுக்கப்பட்டபோது, வேலும் வாகையும் கொன்றையின் உட்குடும்பத்துள் வந்தன. அதில் இருந்த புளியும் மந்தாரையும் வெளியேறின. அவ்வரலாறு தனியே எழுதற்குரியது.

இனித் தமிழ்ப்பெயர்களுக்கு வருவோம். கொன்றை வேறு, ஆவிரை வேறு, தகரை வேறு எனத் தமிழ் பிரித்ததனையும், காசியா வேறு, சென்னா வேறு என இன்றைய நூல் பிரிப்பதனையும் அருகருகே வைத்து, நம் முன்னோர் இருபதாம் நூற்றாண்டு முடிபை முன்னரே கண்டனர் என்று மகிழ்வது எளிது. அம்மகிழ்ச்சி நெடிது நில்லாது. ஆவிரையும் தகரையும் ஒரே பேரினம். தமிழ் அவற்றிற்கு ஒட்டில்லாத இரு பெயர் தந்தது. அமெரிக்காவினின்று வந்த சென்னா அலாட்டாவைச் சீமையகத்தி என்றது. அகத்தியோ வேறு உட்குடும்பத்தது. மற்றோர் அமெரிக்க வரவாகிய சென்னா ஆக்சிடென்டாலிசுக்கும், அதனையொத்த சென்னா சொபேராவிற்கும் பொன்னாவிரை, பேயாவிரை என்னும் பெயர்கள் ஊருக்கூர் மாறி வழங்குகின்றன. மருந்து நூல்களில் இப்பெயர் வருமிடத்து எது எனத் துணிதல் உறுப்பு விளக்கம் இன்றி இயலாது. மக்கள் இடும் பெயர் பயனையும் தோற்றத்தையும் வளரும் இடத்தையும் பற்றி எழுவது. அது சிலவிடத்து உறவோடு ஒத்துப்போகும், சிலவிடத்து ஒவ்வாது.

ஒத்துப்போனதற்கு நல்ல சான்று நிலாவிரை. அரபு நாட்டிற்கும் வடகிழக்கு ஆப்பிரிக்காவிற்கும் உரியதாய், நெல்லைச் சீமையிற் பெரிதும் பயிரிடப்பட்டு, திருநெல்வேலிச் சென்னா என்னும் வணிகப் பெயரால் உலகச் சந்தையில் அறியப்படுவது இது. காசியா அங்குஸ்டிபோலியா எனப் பேரகராதிக் காலத்து நூல்கள் கூறியதும், சென்னா அலெக்சாந்திரினா என இன்று எழுதப்படுவதும் இதுவே. புதிதாக வந்த பயிரை நில ஆவிரை என நம் உழவர் ஆவிரையோடு சேர்த்தனர். நூலாரும் அவ்வாறே சேர்த்துள்ளனர். ஆனால் அதற்கே நிலவாகை என்னும் மறுபெயரும் உண்டு என்பதை மறைத்து முற்பெயரை மட்டும் எடுத்துக்காட்டுவது முறையன்று.

செய்யுள் வழக்கில் கொன்றையும் ஆவிரையும் எத்துணை விலகி நிற்கின்றன என்பதும் ஈண்டு நினையத்தக்கது. குறிஞ்சிப்பாட்டில் இரண்டும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. கொன்றை முல்லைத்திணைக்கு உரியது, கார்காலத்தின் வரவை அறிவிப்பது, சிவபெருமான் சூடுவது. ஆவிரை மடலேறும் தலைவன் சூடுவது. குறுந்தொகை 173ஆம் பாட்டிற் பனைமடற் குதிரையொடு வருவது. ஒன்று பருவத்தின் அறிகுறி. மற்றொன்று நாணழிந்தான் அணியும் மாலை. ஆவிரையைக் கொன்றையின் வகை எனக் குறிப்பெழுதினால், மடலேறுவான் முல்லை மலர் சூடினானோ என மாணவர் மயங்குதற்கு இடனாகும். தோல் பதனிடுவார்க்கு ஆவிரம்பட்டை வேண்டப்படுவதும், பொங்கற் காப்புக்கு ஆவிரம்பூவையே பூளையொடும் வேப்பிலையொடும் கட்டுவதும் இவ்விலகலை இன்றும் காட்டும் வழக்குக்கள்.

கொன்றை பற்றி ஓர் ஐயம் எஞ்சுகின்றது. காசியா பிஸ்டுலா நம் நாட்டில் மிகுதியாகப் பூப்பது சித்திரை, வைகாசி மாதங்களில். சங்கப் பாடல்களோ அதனைக் கார்காலத்து மலராகப் பாடுகின்றன. இம்முரண் கண்டு, சங்கக் கொன்றை வேறு மரமாதல் வேண்டும் என்பர் சிலர். தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரியதாய் மழைக்காலத்தை ஒட்டிப் பூக்கும் காசியா ராக்ஸ்பரியை, அதாவது செங்கொன்றையை, அவர்கள் கருதலாம். ஆனால் அதன் மலர் செந்நிறத்தது. பாடல்களிற் கொன்றை பொன்னிறத்தது. ஆதலின் அது பொருந்தாது. குறுந்தொகை 66ஆம் பாடலில், காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது எனத் தோழி கூறித் தலைவியை ஆற்றுவிக்கின்றாள். 21ஆம் பாடலில் தலைவி, கொன்றை பூத்த கானம் கார் எனக் காட்டினும் தான் அதனை நம்பாள் எனக் கூறுகின்றாள். கொன்றை பருவத்திற்கு ஒத்துப் பூக்கும் என்பதும், பிறழ்ந்து பூத்தலும் கூடும் என்பதும் ஆகிய இரண்டும் இப்பாடல்களுக்கு வேண்டும். இம்மரம் முதற்பூப்பிற்குப் பின் மழையை ஒட்டி ஓரளவு மீளப் பூப்பதும் உண்டு. அவ்விரண்டாம் பூப்பையே புலவர் கருதினர் எனக் கோடல் சாலும் என நினைக்கின்றோம். ஆண்டுதோறும் மாதந்தோறும் ஓரிடத்து மரங்களைக் குறித்துவைத்து ஆராய்வார் இதனை முடிபுசெய்யத் தக்கவர்; அகராதி புரட்டி முடிப்பதற்கு இது உரியதன்று.

குறிப்புரை எழுதுவோர் செய்யத்தக்கது இவ்வளவே. தமிழ்ப்பெயரை முதலில் வைத்து, இன்று செல்லும் பேரின இனப்பெயரைத் தந்து, பழம்பெயரையும் முன்னர் வழங்கியது எனச் சுட்டுதல் வேண்டும். பழம்பெயரை அறவே விடுவதும் தவறு. ஒரு நூற்றாண்டு மருந்து நூல்களும் அகராதிகளும் அப்பெயரிலேயே எழுதப்பட்டிருத்தலின், அதனை விட்டால் மாணவர்க்கு அந்நூல்களோடு தொடர்பு அறும்.

இத்திருத்தம் ஏட்டளவில் மட்டும் தேவைப்படுவதன்று. அமெரிக்க வெப்ப நாடுகளினின்று கொணரப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மரம், நீலகிரியை அடுத்த முதுமலை முதலிய காடுகளிற் பரவி நாட்டு மரங்களையும் புல்லையும் அடர்த்து வருதலின், வனத்துறை அதனை வெட்டி அகற்றிவருகின்றது. அதற்கு மக்கள் இட்ட பெயர் மஞ்சட்கொன்றை. அதன் காய் ஓரளவு உருண்டிருத்தலின் காயை மட்டும் நோக்குவார் கொன்றை என்றே மயங்குவர். தாளை நோக்கின் நேரியது. பூங்கொத்தை நோக்கின், கொன்றை சரமாகத் தொங்க, இது நிமிர்ந்து நிற்கும். செய்தித்தாளிற் கொன்றை மரங்களை வேரறுக்கின்றனர் எனப் படித்த அன்பர் ஒருவர், ஈசன் சூடும் மலருக்கு இக்கதியா என வருந்தி நமக்கு எழுதினார். வெட்டப்படுவது கொன்றையன்று, ஆவிரையின் தூரத்துச் சுற்றம் என விடை எழுதினோம்.